வழிகாட்டியுடன் நடைப்பயணம்: இளையோர் தலைமைப் பயிற்சியின் வரலாறு

இளையோரைச் சிறு குழுக்களாகப் பிரித்து, பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவரின் பொறுப்பில் காடு, மலை, கடற்கரை போன்ற திறந்தவெளிகளில் நடக்கச் செய்து, அதன் வழியாக அவர்களிடம் தலைமைப் பண்பை வளர்க்கும் முறை இன்று பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. பள்ளிகள், சாரணர் இயக்கம், மலையேற்றப் பயிற்சி நிலையங்கள், இளையோர் அமைப்புகள் ஆகியவை இதனைக் கல்வியின் ஒரு பகுதியாகவே கருதுகின்றன. முதுகில் பையைச் சுமந்து, வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்து, தாமே சமைத்து உண்டு, கூடாரத்தில் உறங்கித் திரும்பும் ஒரு மாணவர் வகுப்பறையில் கிடைக்காத சிலவற்றைக் கற்கிறார் என்பது இதன் அடிப்படை நம்பிக்கை.

இம்முறைக்கு ஏறத்தாழ 130 ஆண்டு கால வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் இரண்டு கேள்விகள் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளன. நடைப்பயணம் வளர்க்கும் தலைமை எதற்குப் பயன்பட வேண்டும் என்பது முதல் கேள்வி. வழிகாட்டி இளையோருக்கு எவ்வளவு அருகில் நிற்க வேண்டும், எப்போது விலகி நிற்க வேண்டும் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் கிடைத்த விடைகளில் சில மிகுந்த விலை கொடுத்துப் பெறப்பட்டவை.

செருமனியில் தொடக்கம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லினுக்கு அருகில் இருந்த ஸ்டெக்லிட்ஸ் என்னும் ஊரில் இதன் முதல் வடிவத்தைக் காணலாம். 1896ஆம் ஆண்டளவில் எர்மன் ஓப்மன் என்னும் இளைஞர் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் சுருக்கெழுத்துக் கற்பித்து வந்தார். தம்மிடம் பயின்ற மாணவர்களை அவர் விடுமுறை நாள்களில் சுற்றுப்புறக் காடுகளுக்கு நடத்திச் சென்றார். பின்னர் பயணங்கள் நீண்டன. மாணவர்கள் வைக்கோல் கொட்டகைகளில் படுத்து உறங்கினர், திறந்தவெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்தனர்.

அவருக்குப் பின் கார்ல் பிஷர் என்னும் மாணவர் பொறுப்பேற்றார். 1901ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் 'வாண்டர்போகல்' என்ற பெயரில் சங்கம் முறையாகத் தொடங்கப்பட்டது. அச்சொல் 'அலையும் பறவை' என்று பொருள்படும். பள்ளி மாணவர்கள் தாமாகச் சங்கம் அமைக்க அக்காலத்தில் அனுமதி இல்லை. எனவே பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் அடங்கிய குழு ஒன்று சட்டப்படியான அமைப்பாளராக முன்நின்றது. ஆனால் பயணங்களை நடத்தியவர்கள் ஆசிரியர்களோ பெற்றோரோ அல்லர். மாணவர்களைவிடச் சில வயதே மூத்த இளைஞர்கள்தாம் அவற்றை நடத்தினர். இளையோரை இளையோரே வழிநடத்தலாம் என்பதே இவ்வியக்கத்தின் புதுமை. கண்டிப்பு மிகுந்த பள்ளியும் குடும்பமும் சூழ்ந்த அன்றைய செருமனியில் இது சிறிய மாற்றமன்று.

நடப்பவர்கள் பெருகியபோது தங்குமிடம் தேவைப்பட்டது. ரிச்சர்ட் ஷிர்மன் என்னும் பள்ளி ஆசிரியர் 1909ஆம் ஆண்டு ஆகத்து மாதம் தம் மாணவர்களுடன் நடைப்பயணம் சென்றபோது கடும் இடிமழையில் சிக்கினார். ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் இரவைக் கழித்தனர். விடுமுறைக் காலத்தில் வெறுமனே கிடக்கும் பள்ளிக் கட்டடங்கள் மாணவப் பயணிகளுக்கு விடுதிகளாகலாமே என்ற எண்ணம் அவருக்கு அன்றிரவு தோன்றியது. அதன் விளைவாக ஆல்டெனா நகரின் கோட்டையில் 1912ஆம் ஆண்டு இளையோர் விடுதி உருவானது. இன்று உலகெங்கும் பரவியுள்ள இளையோர் விடுதி இயக்கத்தின் தொடக்கம் அதுவே.

1913ஆம் ஆண்டு அக்டோபரில் மைஸ்னர் மலையில் பல்வேறு இளையோர் சங்கங்கள் கூடின. தம் வாழ்க்கையைத் தாமே முடிவு செய்து, அதற்குத் தாமே பொறுப்பேற்று, உள்ளத்தில் நேர்மையோடு வாழ்வதாக அங்கு உறுதி எடுத்துக்கொண்டனர். ஆயினும் இவ்வியக்கத்திற்குள் வேறொரு போக்கும் வளர்ந்துகொண்டிருந்தது. சில கிளைகள் யூத மாணவர்களைச் சேர்க்க மறுத்தன. 1912ஆம் ஆண்டு யூத இளைஞர்கள் 'நீலம்–வெள்ளை' என்ற பெயரில் தமக்கெனத் தனி நடைப்பயணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். தோழமையைக் கற்றுத்தரும் அதே பாதை யாரைத் தோழராக ஏற்பது என்பதில் எல்லை வகுக்கவும் செய்தது.

1933ஆம் ஆண்டு நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் இச்சங்கங்கள் கலைக்கப்பட்டன. கூடாரம், தீமூட்டம், பாட்டு, நீண்ட நடை ஆகிய வெளி அடையாளங்களை எல்லாம் இட்லர் இளைஞர் அமைப்பு எடுத்துக்கொண்டது. தானே முடிவெடுக்கும் உரிமையை மட்டும் அது நீக்கிவிட்டது. கட்டளைக்குப் பணிந்து நடக்கும் அணிவகுப்பாக நடைப்பயணம் மாறியது. இதற்கு எதிர்வினையும் நடைப்பயணமாகவே எழுந்தது. ரைன் ஆற்றுப் பகுதித் தொழில் நகரங்களைச் சேர்ந்த உழைக்கும் வகுப்பு இளைஞர்கள் சிலர் 'எடல்வைஸ் கொள்ளையர்' என்று அழைக்கப்பட்டனர். அவர்கள் அரசு அமைப்பில் சேராமல் வார இறுதிகளில் தம் விருப்பப்படி காடு மலைகளுக்கு நடந்து சென்றனர். அவ்வாறு நடப்பதே அன்று குற்றமாகக் கருதப்பட்டது. 1944ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் கொலோன் நகரில் 13 பேர் விசாரணையின்றிப் பொது இடத்தில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் இத்தகைய இளைஞர்களும் இருந்தனர்.

ஒரே காட்டில், ஒரே போன்ற பையைச் சுமந்து நடந்த இரு வகை இளைஞர்களைச் செருமனியின் வரலாறு காட்டுகிறது. நடைப்பயணம் தானாகவே நல்ல தலைவரை உருவாக்கிவிடாது, அதற்குள் இருக்கும் நோக்கமே அதன் தன்மையை முடிவு செய்கிறது என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்.

சாரணர் இயக்கமும் அணி முறையும்

ஏறத்தாழ இதே காலத்தில் பிரித்தானியாவில் ராபர்ட் பேடன் பவல் வேறொரு வழியைக் கண்டார். தென்னாப்பிரிக்காவின் மாபெகிங் நகர் 1899–1900இல் 217 நாள்கள் முற்றுகையிடப்பட்டபோது அங்கிருந்த படைக்கு அவர் தலைமை தாங்கினார். அந்நகரில் சிறுவர்கள் செய்தி கொண்டு செல்லுதல் போன்ற பணிகளைப் பொறுப்புடன் செய்ததை அவர் கண்டார். படைவீரர்களுக்காகத் தாம் எழுதிய வேவுக் கையேட்டைச் சிறுவர்கள் விரும்பிப் படிப்பதும் பின்னர் அவருக்குத் தெரியவந்தது.

1907ஆம் ஆண்டு ஆகத்து மாத முதல் வாரத்தில் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கொண்டு அவர் ஒரு சோதனை முகாம் நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளிலிருந்து சிலரும், உழைக்கும் குடும்பங்களிலிருந்து சிலரும் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் ஓநாய், காளை, உள்ளான், அண்டங்காக்கை என நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வோர் அணிக்கும் மூத்த சிறுவன் ஒருவன் தலைவனாக இருந்தான். இரவுக் காவலை ஒவ்வோர் அணியும் முறை வைத்து ஏற்றது. 1908ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட சாரணர் நூல் இம்முறையை உலகெங்கும் கொண்டு சென்றது.

தலைமைப் பயிற்சியின் வரலாற்றில் இந்த அணி முறையே சாரணர் இயக்கத்தின் பெரும் பங்களிப்பு. பெரியவர் ஒருவர் நூறு சிறுவர்களுக்குக் கட்டளையிடுவதற்குப் பதிலாக, ஏழெட்டுப் பேர் கொண்ட அணியை அவர்களுள் ஒருவனே நடத்துகிறான். சாரண ஆசிரியர் அணித் தலைவர்களுக்கு மட்டும் பயிற்சி தருகிறார். முதல் வகுப்புச் சாரணராக விரும்புவோர் தனியாகவோ ஒரு துணையுடனோ 7 மைல் சென்று திரும்பி, பயணத்தைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும் என்ற தேர்வும் தொடக்க காலத்திலேயே இருந்தது. பெரியவர் உடன் வராத அந்த 14 மைல்தான் உண்மையான தேர்வு. வழிகாட்டி முதலில் கற்பித்து, பின்னர் விலகி நிற்கும் முறை இங்குத் தெளிவான வடிவம் பெற்றது.

இந்தியாவில் சாரணர் இயக்கம் 1909ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கியபோது அது ஐரோப்பியச் சிறுவர்களுக்கு உரியதாக இருந்தது. இந்தியச் சிறுவர்களுக்குத் தலைமைப் பயிற்சி அளிப்பது ஆட்சிக்கு ஆபத்தாகலாம் என்ற அச்சம் அதிகாரிகளிடையே நிலவியது. இதற்கு எதிராகச் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், ஜி. எஸ். அருண்டேலுடன் இணைந்து 1916–17 காலத்தில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்துச் சாரணர்கள் தலைப்பாகை அணிந்தனர், இந்தியப் பாடல்களைப் பாடினர். வட இந்தியாவில் மதன் மோகன் மாளவியாவும் இருதயநாத் குன்சுருவும் சேவா சமிதிச் சாரணர் அமைப்பை 1918ஆம் ஆண்டு தொடங்கினர். 1921ஆம் ஆண்டு பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபின் சங்கங்களை இணைக்கும் முயற்சிகள் நடந்தன. விடுதலைக்குப் பின், 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவானது. யாருடைய பிள்ளைகள் தலைமை கற்கலாம் என்ற கேள்வி இந்தியாவில் ஓர் அரசியல் கேள்வியாக இருந்தது என்பதை இவ்வரலாறு நினைவூட்டுகிறது.

கர்ட் ஆன் என்னும் கல்வியாளர்

நடைப்பயணத்தையும் தலைமைப் பண்பையும் இணைத்து ஒரு கல்விமுறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் கர்ட் ஆன். 1886ஆம் ஆண்டு பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், 1920ஆம் ஆண்டு தென் செருமனியின் சேலம் என்னும் இடத்தில் ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். தமிழ்நாட்டுச் சேலத்துக்கும் இதற்கும் பெயரளவில் மட்டுமே ஒற்றுமை. உடற்பயிற்சி, பயணம், கைத்தொழில், பிறருக்குச் செய்யும் தொண்டு ஆகியவை அங்குப் பாடத்துக்கு இணையான இடம் பெற்றன.

1932ஆம் ஆண்டு ஆகத்தில் போட்டெம்பா என்னும் ஊரில் நாசிப் படையினர் ஒரு தொழிலாளியை அவருடைய தாயின் கண்முன்னே அடித்துக் கொன்றனர். கொலையாளிகளுக்கு இட்லர் வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். உடனே கர்ட் ஆன் தம் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கு மடல் எழுதினார். நாசிப் படைகளில் இருப்போர் இட்லரையோ சேலம் பள்ளியையோ, இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். 1933ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் கைது செய்யப்பட்டார். பிரித்தானியப் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு உள்ளிட்டோரின் தலையீட்டால் விடுதலை பெற்று அவ்வாண்டே பிரித்தானியாவில் குடியேறினார். 1934ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார்.

இரண்டாம் உலகப் போர் இவருடைய சிந்தனைக்கு ஒரு கடுமையான சோதனைக் களத்தை அளித்தது. செருமானிய நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தபோது, உயிர்காப்புப் படகுகளில் ஏறிய மாலுமிகளுள் வலிமை மிக்க இளைஞர்கள் இறக்க, வயதில் மூத்தவர்கள் பிழைப்பதாகக் கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஓல்ட் கவலை கொண்டார். உடல் வலிமை குறையாத இளைஞர்களிடம் தம்மால் முடியும் என்ற உறுதி குறைந்திருப்பதே காரணம் என்று இருவரும் கருதினர். ஓல்ட்டின் நிதி உதவியுடன் 1941ஆம் ஆண்டு வேல்சின் அபர்டோவி என்னும் கடலோர ஊரில் 'அவுட்வர்டு பவுண்டு' பள்ளி தொடங்கப்பட்டது. துறைமுகத்தை விட்டு ஆழ்கடலை நோக்கிப் புறப்பட்ட கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் சொல் அது.

அங்குப் பயிற்சி 26 நாள்கள் நீடித்தது. சிறு படகு செலுத்துதல், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு நிலத்தில் வழி காணுதல், மீட்புப் பயிற்சி, ஊர் மக்களுக்குத் தொண்டு ஆகியவற்றோடு மூன்று மலைத்தொடர்களைக் கடக்கும் நடைப்பயணமும் அதில் இடம்பெற்றது. மாலுமிகளை உருவாக்குவது மட்டும் இப்பள்ளியின் நோக்கமன்று. கடலும் மலையும் பாடப்பொருளாக இல்லாமல் கற்பிக்கும் கருவிகளாக இருந்தன. 1950ஆம் ஆண்டு ஏரி மாவட்டத்தின் எஸ்க்டேலில் மலைப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன்பின் படகைவிட நடையே இப்பயிற்சியின் பொது அடையாளமாயிற்று.

இளையோரிடம் உடல்திறன், முன்முயற்சி, நினைவாற்றலும் கற்பனையும், கைத்திறன், தன்னடக்கம், இரக்கம் ஆகிய ஆறும் நலிந்து வருவதாகக் கர்ட் ஆன் கூறி வந்தார். இவற்றுள் இரக்கம் குன்றுவதையே அவர் மிகக் கொடியதாகக் கருதினார். மலைமீட்புப் பணியை அவர் பயிற்சியில் சேர்த்ததற்கு அதுவே காரணம். பிறரைக் காப்பாற்றும் பொறுப்பு இல்லாத வலிமை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை அவர் தம் தாய்நாட்டில் கண்டிருந்தார்.

இம்முறை ஆசியாவுக்கும் வந்தது. மலாயாவின் லூமுட்டில் 1950களின் நடுவிலும், சிங்கப்பூரின் உபின் தீவில் 1967ஆம் ஆண்டும் இத்தகைய பள்ளிகள் திறக்கப்பட்டன. சிங்கப்பூர் அரசு 2016ஆம் ஆண்டு திறந்தவெளிக் கல்விக்கென ஒரு தேசியத் திட்டத்தை அறிவித்தது. அதன்படி உயர்நிலை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வெவ்வேறு பள்ளிகளைச் சேர்ந்தவர்களுடன் ஒரே குழுவாக இப்பயிற்சியில் பங்கேற்கின்றனர். பல இனத்தவர் வாழும் அந்நாட்டில், அறிமுகமில்லாத ஒருவருடன் கூடாரத்தைப் பகிர்வதே பாடத்தின் முக்கியப் பகுதி.

வழிகாட்டி விலகி நிற்கும் கலை

கர்ட் ஆனின் முன்னாள் மாணவரான இளவரசர் பிலிப் 1956ஆம் ஆண்டு எடின்பரோ கோமகன் விருதுத் திட்டத்தைத் தொடங்கினார். 1953ஆம் ஆண்டு எவரெசுட்டு வெற்றிப் பயணத்துக்குத் தலைமை தாங்கிய ஜான் அன்ட் அதன் முதல் இயக்குநர். தொண்டு, உடற்பயிற்சி, திறன் ஆகியவற்றுடன் நடைப்பயணமும் அதன் ஒரு பகுதி. வெண்கல நிலைக்கு 2 நாளும் ஓர் இரவும், வெள்ளி நிலைக்கு 3 நாளும் 2 இரவும், தங்க நிலைக்கு 4 நாளும் 3 இரவும் பயணம் செய்ய வேண்டும். குழுவில் 4 முதல் 7 பேர் இருப்பர். வழித்திட்டத்தை அவர்களே எழுதுகின்றனர், உணவையும் கூடாரத்தையும் அவர்களே சுமக்கின்றனர். தேர்வுப் பயணத்தின்போது மேற்பார்வையாளர் குழுவுடன் நடப்பதில்லை. தொலைவில் இருந்து கண்காணித்து, குறித்த இடங்களில் மட்டும் சந்திக்கிறார்.

அமெரிக்காவில் பால் பெட்சோல்ட் என்னும் மலையேற்ற வீரர் 1965ஆம் ஆண்டு வயோமிங் மாநிலத்தில் தேசிய வெளிப்புறத் தலைமைப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு முன் கொலராடோவின் அவுட்வர்டு பவுண்டு பள்ளியில் பணியாற்றியபோது, இளையோரைக் காட்டுக்கு அழைத்துச் செல்லத் தகுதியுள்ள வழிகாட்டிகள் போதவில்லை என்பதை அவர் உணர்ந்தார். எனவே வழிகாட்டிகளை உருவாக்குவதையே தம் பள்ளியின் நோக்கமாகக் கொண்டார். நியமிக்கப்பட்ட தலைவராக இருப்பது, நல்ல தொண்டராகத் துணைநிற்பது, சம நிலையில் பிறருக்கு உதவுவது, தன்னைத் தானே நடத்துவது என நான்கு பாங்குகளில் தலைமையை இப்பள்ளி வகுத்தது. அவற்றுள் முதல் ஒன்றில் மட்டுமே தலைவர் என்ற பெயர் உண்டு. மற்ற மூன்றும் வரிசையின் நடுவிலும் கடைசியிலும் நடப்பவருக்கும் உரியவை.

இத்தகைய பயிற்சிகளில் 'இன்றைய தலைவர்' என்ற முறை பரவலாக உள்ளது. ஒவ்வொரு நாளும் வேறொருவர் பொறுப்பேற்பார். காலையில் வரைபடத்தைப் பார்த்து எத்தனை மணிக்குள் எங்கே சேர்வது என்று அவர் திட்டமிடுவார். யார் முன்னே நடப்பது, யார் கடைசியில் வருவது, எங்கே நீர் நிரப்புவது, எந்த நேரத்திற்குள் இலக்கை அடையாவிட்டால் திரும்பிவிடுவது என்பவற்றை அவரே அறிவிப்பார். விரைந்து நடப்பவரை முன்னே விட்டால் குழு இரண்டாகப் பிரியும் என்பதையும், மெல்ல நடப்பவரின் வேகமே குழுவின் வேகம் என்பதையும் முதல் நாளிலேயே அவர் அறிந்துகொள்வார். மதியத்துக்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டால் அதற்காக யாரும் அவரைக் கண்டிக்க வேண்டியதில்லை. தாகமே பாடம் சொல்லிவிடும்.

இங்கு வழிகாட்டியின் வேலை எளிதன்று. குழு தவறான பாதையில் திரும்பும்போது, அத்தவறு ஒரு மணி நேர வீண் நடையில் முடியுமா, பள்ளத்தாக்கில் இருட்டில் சிக்குவதில் முடியுமா என்று அவர் கணிக்க வேண்டும். முதல் வகையானால் பேசாமல் இருக்க வேண்டும். இரண்டாம் வகையானால் உடனே தடுக்க வேண்டும். அந்த வேறுபாட்டை அறிவதே அவருடைய தேர்ச்சி.

இரவில் குழு வட்டமாக அமர்ந்து பகலைத் திரும்பிப் பார்ப்பதும் பயிற்சியின் பகுதியாயிற்று. இது தேவையா என்ற விவாதமும் எழுந்தது. மலைகள் தாமே பேசுமா என்ற கேள்வியைத் தலைப்பாகக் கொண்டு தாமஸ் ஜேம்ஸ் 1980ஆம் ஆண்டு கட்டுரை எழுதினார். அனுபவமே போதும் என்போர் ஒருபுறமும், அனுபவத்தைச் சொல்லில் வடித்தால்தான் அது அன்றாட வாழ்வுக்குப் பயன்படும் என்போர் மறுபுறமும் நின்றனர். இன்று பெரும்பாலான அமைப்புகள் இரண்டையும் சேர்த்தே கையாள்கின்றன.

விபத்துகள் கற்பித்தவை

1971ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெயர்ன்கோம் மலைப்பகுதியில் எடின்பரோ நகரப் பள்ளி மாணவர் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது. மலைமேல் இருந்த ஒரு சிறு குடிலை அடைய முடியாமல் திறந்த வெளியில் அவர்கள் இரவுகளைக் கழித்தனர். மாணவர்கள் ஐவரும், அவர்களுடன் சென்ற 18 வயதுத் துணை வழிகாட்டியும் இறந்தனர். பிரித்தானிய மலையேற்ற வரலாற்றில் இளையோருக்கு நேர்ந்த மிகப் பெரிய துயரங்களுள் இதுவும் ஒன்று. குளிர்கால மலைநடைக்கு யாரை அனுப்பலாம், எத்தகைய தகுதியுள்ளவர் அவர்களை நடத்தலாம், பெற்றோருக்கு எவ்வளவு தெரிவிக்க வேண்டும் என்ற கேள்விகளை விசாரணை எழுப்பியது. மலையில் இருந்த குடில்கள் பாதுகாப்பைத் தருவதைவிடத் தவறான நம்பிக்கையைத் தருகின்றன என்ற கருத்தும் வலுப்பெற்று, பின்னர் அக்குடில் அகற்றப்பட்டது. மலை வழிகாட்டிகளுக்கான சான்றிதழ்த் திட்டம் பிரித்தானியாவில் 1964ஆம் ஆண்டே தொடங்கியிருந்தது. இவ்விபத்துக்குப் பின் அதன் முக்கியத்துவம் பெரிதும் உணரப்பட்டது.

1993ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் கயாக் படகுப் பயிற்சியின்போது மாணவர் நால்வர் இறந்தனர். அது நடைப்பயணம் அன்று. ஆயினும் அதன் விளைவாக 1995ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், கட்டணம் பெற்று இளையோருக்கு மலைநடை உள்ளிட்ட சாகசப் பயிற்சிகளை நடத்தும் நிலையங்கள் உரிமம் பெற வேண்டும் என்று விதித்தது.

ஆபத்தே இல்லாத பயணத்தில் முடிவெடுக்கக் கற்க இயலாது. உயிருக்கு ஆபத்தான பயணத்தில் கற்பவருக்கு முடிவெடுக்கும் பொறுப்பைத் தரவும் இயலாது. இவ்விரண்டுக்கும் இடையிலான குறுகிய வெளியில்தான் இக்கல்வி நடைபெறுகிறது. அந்த வெளியைக் காத்து நிற்பவர் வழிகாட்டி.

இந்தியாவும் தமிழ்நாடும்

டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் இலாரியும் எவரெசுட்டை அடைந்ததற்கு அடுத்த ஆண்டு, 1954 நவம்பர் 4ஆம் நாள் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிலையம் தொடங்கப்பட்டது. டென்சிங் அதன் களப் பயிற்சி இயக்குநரானார். 1965ஆம் ஆண்டு உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிலையம் தொடங்கியது. இந்நிலையங்களில் பயிற்சியாளர்கள் 'ரோப்' எனப்படும் சிறு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரே கயிற்றில் இணைந்து ஏறுவோர் என்ற பொருளில் வந்த பெயர் அது. ஒவ்வொரு ரோப்புக்கும் பயிற்சியாளர்களுள் ஒருவரே தலைவர். உத்தரகாசியில் பயின்ற பச்சேந்திரி பால் 1984ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எவரெசுட்டை அடைந்த முதல் இந்தியப் பெண்ணானார். பின்னர் டாட்டா எஃகு நிறுவனத்தின் சாகச அமைப்பின் வழியாகப் பல ஆண்டுகள் இளையோருக்குப் பயிற்சி அளித்தார்.

தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலைநடைக் குழுவினர் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் மலைநடையை ஒழுங்குபடுத்தும் விதிகளை மாநில அரசு வகுத்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளுடன் மலைநடைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. காட்டை அடுத்து வாழும் பழங்குடி, கிராம இளைஞர்கள் அதில் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றுப் பணிபுரிகின்றனர்.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. தலைமைப் பயிற்சி என்றவுடன் நகரத்திலிருந்து வரும் மாணவரையே நாம் எண்ணுகிறோம். ஆனால் காற்றின் திசையைப் பார்த்துத் தீயை அறிபவரும், யானைத் தடத்தைக் கண்டு குழுவை நிறுத்துபவரும், தம்மைவிடப் படித்தவர்களிடம் 'இன்று போக வேண்டாம்' என்று உறுதியாகச் சொல்ல வேண்டியவரும் அந்த மலையில் பிறந்த இளைஞரே. அவர் பெறும் பயிற்சியும் தலைமைப் பயிற்சிதான்.

பயன் குறித்த ஆய்வும் மறுப்பும்

ஜான் ஆட்டியும் உடன் பணிபுரிந்தோரும் 1997ஆம் ஆண்டு 96 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். சாகசக் கல்வியால் தன்னம்பிக்கை, தற்கட்டுப்பாடு, தலைமை ஆகியவற்றில் ஏற்படும் வளர்ச்சி மிதமானது என்றும், பயிற்சி முடிந்த பின்னும் அது நீடிக்கிறது என்றும் அவர்கள் கண்டனர். நீண்ட நாள் பயிற்சிகள் குறுகிய பயிற்சிகளைவிடக் கூடுதல் பயன் தந்தன. திட்டத்துக்குத் திட்டம் பயன் பெரிதும் மாறுபட்டது என்பதும் அவர்களின் முடிவு. சாகசம் என்ற பெயர் மட்டும் போதாது, எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதே முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

இதற்கு மறுப்பும் உண்டு. மலையில் துணிவாகவும் பொறுமையாகவும் நடந்துகொண்ட ஒருவர் வீட்டிலும் பணியிடத்திலும் அவ்வாறே இருப்பார் என்று கொள்ள இயலாது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆண்ட்ரூ புரூக்ஸ் வாதிட்டார். மனிதர் நடத்தையைச் சூழல்தான் பெரிதும் வடிக்கிறது, எனவே குணத்தை மலையில் செதுக்கி ஊருக்குக் கொண்டு வரலாம் என்பது மிகை என்பது அவர் கருத்து. இம்மறுப்பு நியாயமானது. இரண்டு நாள் மலைநடையால் தலைவர்கள் உருவாகிவிடுவர் என்று விளம்பரம் செய்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். திரும்பி வந்த மாணவருக்குப் பள்ளியிலும் வீட்டிலும் முடிவெடுக்கும் வாய்ப்பு எதுவும் தரப்படாவிட்டால், மலையில் கற்றது அங்கேயே தங்கிவிடும்.

முடிவுரை

ஸ்டெக்லிட்ஸ் மாணவர்கள் பெரியவர்கள் இல்லாமல் நடக்க விரும்பினர். சாரணர் இயக்கம் அந்த விருப்பத்துக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது. கர்ட் ஆன் அதற்கு இரக்கம் என்ற நோக்கத்தைச் சேர்த்தார். பெட்சோல்ட் தொழில்முறைத் தேர்ச்சியைச் சேர்த்தார். விபத்துகளில் இறந்த பிள்ளைகள் அதன் எல்லையைக் கற்பித்தனர். இன்று ஒரு பள்ளி தன் மாணவர்களை மலைக்கு அழைத்துச் செல்லும்போது இவை அனைத்தும் அந்தப் பயணத்தில் அடங்கியுள்ளன.

நல்ல வழிகாட்டியை இரண்டு செயல்களால் அறியலாம். புறப்படும் முன் வானிலையையும் பாதையையும் ஒவ்வொருவரின் உடல்நிலையையும் அவர் சரிபார்க்கிறார். புறப்பட்ட பின் வரைபடத்தை மாணவரின் கையில் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குச் செல்கிறார். முதலாவதைச் செய்யாதவர் பிள்ளைகளை ஆபத்தில் விடுகிறார். இரண்டாவதைச் செய்யாதவர் அவர்களை வெறுமனே நடக்க வைத்துத் திரும்புகிறார்.